ஏழு பேரைத் தேடி: ஆவடி முதல் பூந்தமல்லி வரை

எழும்பூரில் இறங்கியபோது காலை ஏழு மணி இருக்கும். கோவில்பட்டியிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. ஒரு காபியைக் குடித்துவிட்டு சென்ட்ரலுக்கு நடந்து, புறநகர் ரயிலில் ஆவடிக்கு டிக்கெட் வாங்கினேன். பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் என்று நிலையங்கள் நகர்ந்தன. அம்பத்தூரில் சீருடை போட்ட பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் எஸ்டேட் தொழிற்சாலைகளில் வேலை உண்டு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஹாக்கிக்காரன். எங்கள் தலைமையாசிரியருக்குத் திடீரென்று ரக்பி ஆசை வந்துவிட்டது. ஹாக்கியில் எல்லாப் பள்ளியும் இருக்கிறது, நாம் புதிதாக ஒன்றில் பெயர் வாங்குவோம், பெண் பிள்ளைகளை வைத்து ஆரம்பியுங்கள் என்றார். மதுரையில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் கலைவாணியைச் சந்தித்திருந்தேன். ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முன்பு மாநில அணிக்கு ரக்பி ஆடியவர். பல வருடங்களாகப் பெண்கள் அணி ஒன்றை நடத்திவருகிறார். போனில் கேட்டதும், "ஞாயித்துக்கிழமை வாங்க சார், அன்னிக்கு செலக்‌ஷன். எல்லாத்தையும் நேர்லயே பாத்துடலாம்" என்றார்.

ஆவடி நிலைய வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. கலைவாணி கையை ஆட்டினார். ஓட்டுநர் ஏகாம்பரம் இறங்கிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். முன் இருக்கையில் ஒல்லியாக, உயரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் மகள் யமுனா. பிளஸ் டூ முடித்தவள்.

"குந்துங்க சார், வண்டி நம்மளுதுதான்" என்றார் ஏகாம்பரம். "இன்னிக்கு சவாரி கிடையாது. பாப்பாவுக்கு மேட்ச் கீது."

வண்டி செங்குன்றம் சாலையில் ஏறியதும் கலைவாணி நிலைமையைச் சொன்னார். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில் இன்று குழுக்களுக்குள் போட்டி. அதைப் பார்த்து, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். தனியாகப் போய் ஓடிக்காட்ட முடியாது. குழுவோடு ஆடினால்தான் பார்ப்பார்கள். ஏழு பேர் ஆடும் ரக்பி என்பதால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். கலைவாணியிடம் இருப்பது யமுனாவோடு சேர்த்து ஐந்து பேர். போகிற வழியில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

"முன்னாடி எல்லாம் எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டேன்.

சின்ன வயதுப் பிரிவில் இரண்டு அணிக்கு மேல் ஆள் இருந்ததாம். பத்தாம் வகுப்பு வந்ததும் பாதி போய்விட்டது. பதினொன்றில் டியூஷன். பிளஸ் டூ முடிந்ததும் வேலை. சிலரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு வாரம் வரமாட்டார்கள், அடுத்த வாரம் ஏதோ காரணம் சொல்வார்கள், பிறகு போனை எடுக்க மாட்டார்கள். இதைச் சொல்லும்போது கலைவாணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் தன் கணக்கைச் சொன்னார். மாநில அணியில் பெயர் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்தாயிற்று. "இன்னிக்கு தெரிஞ்சிரும் சார்" என்றார். யமுனா திரும்பவில்லை.

ஆவடியிலிருந்து வெள்ளானூர் ஏழு கிலோமீட்டர் இருக்கும். புதிய மனைகளுக்கு நட்ட கற்களும், பாதி எழும்பிய மாடிகளும், நடுவில் அறுவடையான ஒரு வயலுமாக ஊர் கலைந்து கிடந்தது. சங்கீதா வீட்டின் முன்னால் வண்டி நின்றது. பழைய விவசாயக் குடும்பம். இப்போது அப்பா மனை விற்பவர்களுக்குத் தரகு பார்க்கிறார்.

சங்கீதா வாசலுக்கு வந்தாள். வலது காலைச் சற்றே இழுத்து நடந்தாள். போன வருடம் ஒரு போட்டியில் முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். அவளைத்தான் கலைவாணி கூப்பிட வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓட வேண்டாம், பந்து உன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறோம், ஓரத்தில் நின்றால் போதும், யமுனாவுக்காக என்று மெதுவாகச் சொன்னார். சங்கீதா தலையை ஆட்டினாள். உள்ளே போய்க் காலணியைக்கூட எடுத்துவந்துவிட்டாள்.

அப்போது அவள் அம்மா வெளியே வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இவ முட்டி போனப்போ உங்கள்ல யாரு வந்து பாத்தீங்க? ஆஸ்பத்திரில தனியா நின்னது நான். இப்ப ஆள் கொறையுதுன்னு வந்துட்டீங்க."

குரல் உயரவில்லை. விளையாட்டில் அடிபட்டால் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடும் கிடையாது என்பதைக் கலைவாணி எனக்குப் பிறகு சொன்னார். அடிபட்ட அன்று ஆம்புலன்ஸில் கூடப் போனவர் அவர்தான். ஆனால் அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, எதைச் சொல்லிப் போவது என்று தெரியாமல் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. சிகிச்சை இன்னும் நடக்கவில்லை.

யமுனா வண்டியிலிருந்து இறங்கிப்போய் சங்கீதாவின் கையிலிருந்த காலணியை வாங்கி வாசற்படியில் வைத்தாள். "நீ உள்ள போடி" என்றாள். வந்து மறுபடியும் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கள்ளிக்குப்பத்தில் நான்கு பெண்கள் சாலை முனையிலேயே காத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். "எத்தினி பேருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னும் காட்டுப்பாக்கத்தில் நிவேதா இருக்கிறாள் என்றார் கலைவாணி. அவளோடு சேர்த்தாலும் ஆறுதானே என்று யாரும் சொல்லவில்லை. மைதானத்தில் போய்க் கெஞ்சிக்கொள்ளலாம் என்று கலைவாணி நினைத்திருப்பார்.

அம்பத்தூர் எஸ்டேட் வழியாக வானகரம், அங்கிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை. மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரங்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. காட்டுப்பாக்கம் போய்ச் சேரும்போது பத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளை வண்டியில் விட்டுவிட்டு நானும் கலைவாணியும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடிக்குப் போனோம்.

நிவேதாவின் அப்பா நாமக்கல்காரர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நிவேதா வீட்டில் இல்லை. நீட் வகுப்பில் ஞாயிறுதோறும் தேர்வாம். நேற்று போனில் வருகிறேன் என்றவள், காலையில் அப்பா முகத்தைப் பார்த்ததும் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேனுங்க. மாநிலத்துக்கு ஆடிட்டா அடுத்து என்னங்க?"

கலைவாணி, தேசியப் போட்டி என்றார்.

"அதுக்கப்புறம்?"

ஆசியப் போட்டிக்குக்கூட வாய்ப்பு உண்டு என்றார்.

"நீங்க மாநிலத்துக்கு ஆடினவங்கதானுங்களே. உங்களுக்கு என்னங்க கெடைச்சுது?"

அவர் குத்திக்காட்டக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மகளைப் பெற்றவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கலைவாணி தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "விளையாடினேன் சார்" என்றார்.

மைதானம் பூந்தமல்லியைத் தாண்டி நான்கு கிலோமீட்டர். புல் குறைவு, சரளை அதிகம். விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளின் அணி ஒன்று ஒரே மாதிரி பனியனில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. தேர்வாளருக்கு ஐம்பது வயதிருக்கும், தொப்பி போட்ட மனிதர். ஐந்து பேரோடு ஆடவிட முடியாது என்றார். கலைவாணி இரண்டு முறை கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? ஏழு பேர எதுத்து அஞ்சு பேர விட்டு, நாளைக்கு ஒரு புள்ளைக்கு கழுத்துல அடிபட்டா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம். பிறகு, விடுதி அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல், வேண்டுமானால் உங்களில் ஒருத்தியை மாற்று ஆட்டக்காரியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். கள்ளிக்குப்பத்துப் பெண்கள் நால்வரும் யமுனாவைப் பார்த்தார்கள். அவர்களும் காலையிலேயே எழுந்து தலைவாரிக் கிளம்பி வந்தவர்கள்தான். ஒருத்தி தன் தோள்பட்டையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து யமுனாவின் விரலில் சுற்றிவிட்டாள்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோடு வரை ஓடலாம். ஓடுகிறவளைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம், அதற்கு டேக்கிள் என்று பெயர். ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவளுக்குத்தான் கொடுக்கலாம். அதனால் ஓடுகிறவளுக்குப் பின்னால் ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

யமுனாவை இரண்டாம் பாதியின் கடைசியில்தான் இறக்கினார்கள். ஓர ஆட்டக்காரியாக. அவள் வழக்கமாக ஆடுவது நடுவில். விடுதிப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. பழகிய கைகளுக்கே பந்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஒரு முறை எதிரணிப் பெண் எல்லைக்கோட்டை நோக்கி ஓடிவர, யமுனா குறுக்கே பாய்ந்து இடுப்பைக் கட்டிச் சாய்த்தாள். சரளையில் இருவரும் உருண்டார்கள். முதலில் எழுந்தவள் யமுனா. பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு ஹாக்கி தவிர எதுவும் தெரியாது. ஆனால் ஓட்டம் தெரியும். அது சாதாரண ஓட்டம் இல்லை. முன்னால் இரண்டு பேர் மறிக்க, பந்தைக் கொடுக்கத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை. இருவரும் சேர்ந்து அவளைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். சற்று நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

பிற்பகலில் பெயர்களைப் படித்தார்கள். யமுனா பெயர் இல்லை.

தேர்வாளர் தானாகவே அவளிடம் வந்தார். "அந்த டேக்கிள் நல்லா இருந்துச்சும்மா. அடுத்த வருஷம் டீமோட வா."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் சார்."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பெரியவர்கள் பிரிவு இருக்கிறது என்று ஆரம்பித்தவர், அதற்கு இங்கே அணி எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததுபோல் நிறுத்திக்கொண்டார். யாரோ கூப்பிட, போய்விட்டார்.

ஏகாம்பரம் எல்லாவற்றையும் வேலியோரம் நின்று பார்த்திருந்தார். குமணன்சாவடியில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். யமுனா குடிக்கவில்லை. அவள் முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. கலைவாணி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கழுவும்போது அழுதது கலைவாணிதான். "வுடுக்கா" என்றாள் யமுனா.

கள்ளிக்குப்பத்தில் பெண்களை இறக்கிவிட்டு, என்னை அம்பத்தூர் நிலையத்தில் விட்டார்கள். கலைவாணி டிக்கெட் வாங்கிவர உள்ளே போனபோது யமுனா முதல் முறையாக என்னிடம் பேசினாள்.

"உங்க ஊர்ல பொண்ணுங்க ரக்பி ஆடுதா சார்?"

இன்னும் இல்லை, இனிமேல்தான் ஆரம்பிக்கவேண்டும் என்றேன்.

"சின்னப் புள்ளைங்கள சேத்தா வந்துருவாங்க சார். அது ஈஸி. பெருசானப்புறம் இன்னா பண்ணப் போறீங்கன்னு யோசிச்சுக்கோங்க. இல்லன்னா கடசீல ஒர்த்தி மட்டும் தனியா நின்னுகினு இருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. வழி சொல்வதுபோலச் சொன்னாள். வேலைக்கு எப்போது சேர்கிறாய் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பும் ரயிலில் இரு ஊர்களையும் ஒப்பிட்டபடியே வந்தேன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையை விட்டவன்கூடச் சாயங்காலம் மைதானத்துப் பக்கம் வந்து நிற்பான். ஆள் குறைந்தால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவான். அவன் மாமா ஹாக்கியால் ரயில்வேயில் சேர்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் சேர்ந்திருப்பார். ஆடினால் என்ன ஆகும் என்று எந்த அப்பாவும் கேட்பதில்லை; தெருவிலேயே பதில் குடியிருக்கிறது. இதை எங்கள் மண்ணின் குணம் என்று நான் பெருமை பேசியதுண்டு. கலைவாணியின் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைவிட எதில் குறைந்தவர்கள்?

தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அடிபட்டால் செலவை யார் ஏற்பது, பிளஸ் டூவுக்குப் பிறகு இவர்கள் எங்கே ஆடுவது, இந்த இரண்டுக்கும் பதில் கண்டுபிடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதெல்லாம் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் சார், பந்து வாங்கியாச்சு என்றார்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆரம்பித்தோம். யமுனா சொன்னபடியே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கரிசல் தூசியில் விழுந்து புரண்டு சிரிக்கிறார்கள். அதில் ஒருத்தி மற்றவர்களை விட்டு விலகி நன்றாக ஓடுகிறாள். அந்த இரண்டு கேள்விகளும் அப்படியே இருக்க, அவள் பெயரை நான் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.