மஞ்சூர் டீக்கடையில் நான் தெளித்த சுடுதண்ணீர்

போன தை மாதம் இரண்டு முறை மஞ்சூர் போய் வந்தேன். முதல் முறை வேலைக்காக. இரண்டாம் முறை வெட்கம் பிடுங்கித் தின்றதால். நீலகிரிக்கு ஆய்வு வேலையாகப் போகும் மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதால், பஸ், அறை விவரங்களோடு என் அசட்டுத்தனத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வு மலைப்பாதை டீக்கடைகளைப் பற்றியது. உணவுப் பாதுகாப்பு என்றதும் பெரிய ஹோட்டல்களைத்தான் எல்லாரும் பேசுகிறோம். காலையில் ஒரு டீ, இரண்டு வர்க்கி, அதோடு மதியம்வரை தேயிலை பறிக்கப் போகிறவர்கள் என்ன தூளைக் குடிக்கிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கடை கடையாகப் போய், விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, கொஞ்சம் டீத்தூள் எடுத்து வந்து கோவையில் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. கடையில் வைத்து முடிவு எதையும் வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஊட்டியில் அறை எண்ணூறு ரூபாய். வெந்நீர் காலை எட்டு மணிவரைதான் வரும், அதற்குள் குளித்துவிடுங்கள். அங்கிருந்து மஞ்சூர் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஆனால் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வளைவுகளில் பக்கத்து ஆள் மடியில் போய் விழாமல் இருக்க, முன் சீட்டுக் கம்பியை விடாதீர்கள். என் ஜன்னல் கடைசிவரை மூடவே இல்லை. இறங்கும்போது காது இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி ராஜாமணி அக்காவின் டீக்கடை. (இது நான் வைத்த பெயர். அவருடைய உண்மைப் பெயரை ஒரு தடவை கெடுத்தது போதும்.) ஐம்பதைத் தொடும் வயது. ஸ்வெட்டர் மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்லர் முன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், நான் கேட்காமலேயே, ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்தார்.

"மொதல்ல இதக் குடிங்க தம்பி. கை வெறைச்சுப் போச்சு பாருங்க. பச்சத்தண்ணி குடிச்சா தொண்டை கட்டிக்கும்."

வந்த விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துக்குங்க, நம்ம கடையில ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று தூள் டப்பாவையே என் பக்கம் நகர்த்தினார். எடுத்து, உறையில் போட்டு ஒட்டினேன். அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

அதற்குள் மணி நாலு. இலை எடை போட்டுவிட்டு எஸ்டேட் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு ஜீப் டிரைவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், டீத்தூள்ல கலப்படம்னா எப்படிங்க கண்டுபுடிக்கறது?" என்றார். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பையிலிருந்து வடிதாளை, அதாவது ஃபில்டர் பேப்பரை, எடுத்து விரித்தேன். அக்காவின் தூளில் ஒரு சிட்டிகை தூவினேன். "சாயம் ஏத்தின தூள்னா தண்ணி பட்ட உடனே நிறம் இறங்கும். நல்ல தூள்னா தாள் வெள்ளையா இருக்கும்" என்று பாடம் நடத்திக்கொண்டே, அக்கா மறுபடி நிரப்பி வைத்திருந்த டம்ளர் கைக்கு எட்ட, அதிலிருந்து தண்ணீர் தெளித்தேன்.

தாளெல்லாம் பழுப்பு.

"இறங்குதுங்களே!" என்றார் டிரைவர்.

"சாயம்தாங்க" என்றேன். சந்தேகமே இல்லாத குரலில் சொன்னேன்.

ஒருவர் பாதி குடித்த கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்தார். டிரைவர் தாளைப் போட்டோ எடுத்து அவர்கள் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார். "நான் எப்பவும் வாங்கற தூள்தானுங்களே" என்று அக்கா யாரிடம் என்றில்லாமல் சொன்னார். நான் வேறு பெரிய மனது பண்ணி, "உங்க தப்பு இல்லக்கா, வாங்கற எடம் சரியில்ல" என்று ஆறுதல் சொன்னேன். காசு கொடுக்கப் போனபோது, "இருக்கட்டுங்க சார்" என்றார். தம்பி சாராகிவிட்டான். மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், மடையன்.

மறுநாள் காலை ஊட்டி அறையில், இந்தப் பக்கத்தில் போட ஒரு நல்ல படம் வேண்டும் என்று, உறையில் போட்டது போக மிச்சமிருந்த அதே தூளை மறுபடி தாளில் தூவினேன். குழாய்த் தண்ணீரைத் தெளித்தேன். ஐஸ் மாதிரித் தண்ணீர். தாள் வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தாள், அதுவும் வெள்ளை. அப்போதுதான் அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. சுடுதண்ணீர் பட்டால் எந்தத் தூளிலும் நிறம் இறங்கும். டீ போடுவது என்பதே அதுதானே! இந்தச் சோதனையைப் பச்சைத் தண்ணீரில் செய்ய வேண்டும் என்பது முதல் வருட மாணவனுக்குத் தெரியும். என் கை விறைத்திருக்கிறதே என்று அவர் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை வைத்தே அவர் கடையைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேசாமல் கோவைக்கு இறங்கிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அரை மணி நேரம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடைவீதியில் ஒரு டீத்தூள் பாக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி மஞ்சூர் பஸ். பதினொன்றரைக்குப் போனபோது அக்கா கடையில் யாரும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. கிட்டப் போய், மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பாய்லரைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நேத்து ஊரே கேக்கச் சொன்னீங்க. இன்னிக்கு எங்காதுல வந்து சொல்றீங்க."

"இதை என் பக்கத்துல எழுதிடறேங்க்கா."

"எங்க ஆளுங்க அதையெல்லாம் படிக்கறதில்லைங்க சார். நாலு மணிக்கு வருவாங்க. முடிஞ்சா இருந்து சொல்லிப்போட்டுப் போங்க."

இருந்தேன். நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள், ஆனால் அக்கா கடைக்கு வரவில்லை. எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

ரோட்டைத் தாண்டினேன். நாலு எட்டு அகலமுள்ள ரோடுதான். எதிர்க் கடை பெஞ்சில் இரண்டு தாள்களை விரித்து, நான் கொண்டுபோன பாக்கெட் தூளையே இரண்டிலும் தூவினேன். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் சுடுதண்ணீர். ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. "அக்கா தூள்ல சாயம்னு சொன்னது என் தப்பு. நான்தான் சுடுதண்ணிய ஊத்திப்போட்டேன்" என்று கத்திச் சொன்னேன்.

இலைப்பையை இறக்கி வைத்த ஒரு பெண் கேட்டார்: "அப்ப நேத்துச் சொன்னது பொய்யுங்களா?"

"பொய் இல்லைங்க. தெரியாம பண்ணின தப்பு."

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்று அக்கா கடையைக் காட்டினார். அவரும் இன்னும் மூன்று பேரும் எழுந்து அக்கா கடைக்குப் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

அங்கே நின்றிருந்த ஜீப் டிரைவரிடம் இந்தத் தாள்களையும் படம் எடுத்துக் குழுவில் போடச் சொல்லிக் கெஞ்சினேன். வெள்ளைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போடறேனுங்க. ஆனா வெள்ளப் பேப்பர்ல என்னங்க இருக்குது பாக்கறதுக்கு?"

நீங்கள் போவதாக இருந்தால்: ஸ்வெட்டர், மப்ளர் இரண்டும் வேண்டும். சோதனைக்குப் பச்சைத் தண்ணீரை உங்கள் பாட்டிலில் கொண்டுபோங்கள். அதைவிட நல்லது, சோதனைத் தாளைக் கடையில் வெளியே எடுக்காமலே இருப்பது. பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஆய்வக முடிவும் சாயம் இல்லை என்றே வந்தது, அக்காவுக்கு எழுத்தில் அனுப்பிவிட்டோம். அந்தக் காகிதத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சாயங்காலம் ஊட்டி பஸ் சொன்ன நேரத்துக்கு வராது. காத்திருக்க அக்கா கடை பெஞ்சுதான் வசதி, அங்கிருந்து பஸ் திரும்புவது தெரியும்.

நானும் அன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பனி இறங்கி, கை மறுபடி விறைத்திருந்தது. அக்கா டம்ளரை எடுத்துக் கழுவினார். பாய்லர் குழாயில் கை வைத்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எந்தத் தண்ணிங்க சார் வேணும்?"