எலும்பு டாக்டரின் இடது கண்

எலும்பு டாக்டருக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் மாட்டுகிறவர்களைக் கண்டால் சொல்லவே வேண்டாம். மேசைக்கடியிலிருந்து எக்ஸ்ரே விட்டு, திரையில் பார்த்தபடியே உடைந்த எலும்புக்குள் கம்பி செருகுவது அவர் வேலை. மயக்கமருந்து கொடுக்கிறவள் அவர் மனைவி. ஏப்ரனும் ஈயக் கண்ணாடியும் இல்லாமல் அவள் ஆபரேஷன் தியேட்டருக்குள் வரமாட்டாள்.

"எதுக்கு இந்தப் பொதி? கதிர் நேரா மேல போகுது. பக்கத்துல நிக்கிற எனக்கென்ன?"

"எல்லாம் நேரா போகாது. நோயாளி உடம்புல இருக்கிற எலக்ட்ரான்ல முட்டி, கொஞ்சம் சக்தியை அதுகிட்ட விட்டுட்டு, மிச்சத்தோட திசைமாறி வரும். உங்க மூஞ்சிக்கும் வரும்."

"காலேஜ் பாடத்தை எனக்கே நடத்துறியா?"

இந்த மண்டையில் எதுவும் இறங்காது என்று அவளும் விட்டுவிட்டாள்.

சில வருஷங்களில் எதிரே வரும் கார் விளக்குகளைச் சுற்றி அவருக்கு வளையம் தெரிந்தது. ஒத்துக்கொள்வாரா? வண்டிக்காரர்களைத் திட்டினார். ஒருநாள் எலும்பில் போட்ட துளைக்குள் ஸ்க்ரூவை வைக்கக் கண் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றார். அவள் பக்கத்துத் தியேட்டருக்கு ஆள் அனுப்பினாள்.

"கையை எடுங்க. பக்கத்துத் தியேட்டர் டாக்டர் வர்றாரு, அவர் முடிப்பாரு."

கண் டாக்டர் பரிசோதித்தார். இடது லென்ஸின் பின்புறம் புரை. "கதிர் பட்டு வர்ற மாதிரி இருக்கே. ஈயக் கண்ணாடி போடுறதில்லையா?"

"இது எங்கம்மா வழி."

"உங்கம்மா எண்பது வயசுல ஊசி கோக்கிறாங்க," என்றாள் மனைவி.

ஆபரேஷனில் கண் சரியானதும் மனிதர் திருந்தினாரா? எக்ஸ்ரே எடுப்பவர்மேல் புகார் கொடுத்தார்: மெஷினிலிருந்து கதிர் ஒழுகுதாம், அந்த ஆள் கவனிக்கவில்லையாம். விசாரணை அறையில் அவர் எதிரிலேயே அவள் எழுந்தாள்.

"மெஷினைச் சோதிச்சாச்சு, ஒழுகல. இவர் ஏப்ரனும் போடல, கண்ணாடியும் போடல. நான் கண்ணால பார்த்தவ."

புகார் தள்ளுபடியானது. வராந்தாவில் அவர் வெடித்தார். "புருஷனையே காட்டிக்கொடுக்கிறியே, வெக்கமா இல்ல?"

"இருக்கு. உங்களை நெனச்சு."

இப்போது மருத்துவமனை உத்தரவுப்படி ஏப்ரன் மாட்டி, விறைத்த கழுத்தோடு வேலை செய்கிறார். மனைவியிடம் பேசுவதில்லை. தியேட்டர் இவ்வளவு நிம்மதியாக அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.