சித்தப்பா எழுப்பிய படகு மோட்டார்

எங்கள் ஊர்க் கண்மாயில் மோட்டார் படகு ஓடியது என்றால், கப்பலூரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் நம்புவதில்லை. மழை பெய்தால்தான் தண்ணீரையே பார்க்கும் ஊரில் படகு ஏது என்று சிரிப்பார்கள். ஓடியது. ஓட வைத்தவர் என் சித்தப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஆனால் எனக்கு முன்பே எங்கள் வீட்டில் இயந்திரம் அறிந்த ஒருவர் இருந்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூடுதல் பெருமை. அந்தப் பெருமையை நினைக்கும்போது வாய் கசப்பது வேறு விஷயம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. மீன் குத்தகை எடுத்திருந்தவர் ஊருக்குள் இருந்த பெரிய வீட்டுக்காரர். மற்ற ஊர்களில் தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்துதான் வலை விரிப்பார்கள். அது தன் கௌரவத்துக்குக் காணாது என்று நினைத்தாரோ என்னவோ, ராமேஸ்வரம் பக்கம் போய் ஒரு பைபர் படகையும், அதன் பின்னால் மாட்டுகிற பழைய மோட்டார் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டார். படகு மிதந்தது. மோட்டார் அசையவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை.

சித்தப்பா அதுவரை பழங்காநத்தத்தில் ஒரு டூவீலர் பட்டறையில் இருந்தார். முதலாளி கடையை மூடிவிட்டதால் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெரு முனை வரை பைக்கில் வந்தார். காலைத் தரையில் ஊன்றியபடி, பைக்கை அணைக்காமலே பேசினார்.

"ஏன்டா, எந்த வண்டியா இருந்தாலும் எழுப்பிருவியாம்ல?"

"கப்பலா இருந்தாலும் எழுப்பிருவேன் ஐயா."

"எழுப்பு பாப்போம். ஓடுச்சுன்னா நீதான் டிரைவர். மாசச் சம்பளம்."

சித்தப்பா அடக்கமான ஆள் இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவர் போட் டிரைவர் ஆகிவிட்டார். அதற்குக் காரணமும் இருந்தது. திருமங்கலம் பக்கம் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு நிலையான வேலை இருக்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டார் எங்கள் வாசலுக்கு வந்து முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றது. தலை பெருத்து, கழுத்து நீண்டு, அடியில் விசிறி மாட்டியிருந்த அதை அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, மிக்ஸியத் தலைகீழா நிப்பாட்டுன மாதிரி இருக்கு?"

"ஓடட்டும் மதினி. உங்களத்தான் மொத ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு மீனச் சட்டியில பாத்தாப் போதுமப்பா."

சித்தப்பா அதைக் கழற்றினார். உள்ளே உப்பு பூத்துக் கிடந்தது. பிளக்கைச் சுரண்டி, கயிற்றை இழுத்துப் பொறி வருகிறதா என்று பார்த்தார். கார்பரேட்டரைப் பெட்ரோலில் ஊறப்போட்டு, அடைத்திருந்த ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தார். மோட்டார் இருமியது, புகையைக் கக்கியது, பிறகு பெருங்குரலெடுத்து ஓடியது. தெருவே கூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் கருகும் வாடை அடிக்கவே பதறிப்போய் நிறுத்தினார். அவர் அதுவரை பார்த்த பைக்குகளெல்லாம் காற்றில் ஆறுகிறவை. இது தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும் சாதி என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது.

நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் வாயை அறுத்து, தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதற்குள் இறக்கினார்கள். அப்படியும் தண்ணீர் மேலே ஏறவில்லை. உறிஞ்சுகிற இடத்தில் இருந்த ரப்பர் சக்கரம் அப்பளமாக நொறுங்கிப் போயிருந்தது. கப்பலூரில் தெரிந்தவர் ஒருவரின் கம்பெனியில் பழைய பெல்ட் துண்டு வாங்கி வந்து, பிளேடால் அறுத்து அறுத்து ஒரு சக்கரம் செய்தார். மறுபடி கயிற்றை இழுத்தபோது மோட்டாரின் இடுப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"டேய், ஒன்னுக்குப் போகுதுடா! பொழச்சுக்கிருச்சு!" என்று அப்பா கத்தினார். நாங்களெல்லாம் உருண்டு சிரித்தோம்.

சிரித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். பெட்ரோல் இருந்தது, பொறி இருந்தது, தண்ணீர் ஏறியது, ஆனாலும் நின்றது. சித்தப்பா அன்று சோறு தின்னவில்லை. கடைசியில் டேங்க் மூடியின் மேல் சின்னத் திருகு ஒன்று இருப்பதைப் பார்த்தார். அதைத் தளர்த்தினால்தான் டேங்குக்குள் காற்றுப் போகும். காற்றுப் போனால்தான் பெட்ரோல் இறங்கும். தளர்த்தினார். அதன்பிறகு மோட்டார் நிற்கவே இல்லை. தெருக்காரர்களே, "போதும்டா, காது போச்சு" என்று கும்பிடும் வரை ஓடியது.

வெள்ளோட்டத்துக்குப் பெண்ணின் அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். சித்தப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். வண்டியில் கொண்டுபோகும்போது பெட்ரோல் சிந்தாமலிருக்க அந்தச் சின்னத் திருகை இறுக்கி வைத்திருந்தார். படகில் ஏறியதும் தளர்த்திக்கொள்ளலாம் என்பது அவர் நினைப்பு. ஓட்டப்போவது தான்தானே என்று அதை யாரிடமும் சொல்லவில்லை.

கண்மாய்க் கரையில் இரண்டு கூட்டமாக நின்றோம். ஊர்க்காரர்கள் மடைப் பக்கம், எங்கள் தெரு ஆட்கள் மறுகால் வழிகிற கலிங்குப் பக்கம். சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் பின்னால் மோட்டாரை மாட்டினார். கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து எழுப்பினார். பெரிய வீட்டுக்காரர் ஏறினார். அவருடைய மருமகன் கறுப்புக் கண்ணாடியோடு பின்பலகையில் போய் உட்கார்ந்தார்.

"பிடிங்க மாப்ள, நீங்களே ஓட்டுங்க."

"ஐயா, டிரைவர்..." என்றார் சித்தப்பா.

"நீ கரையில நில்லுடா. படகு பாரம் தாங்காது."

படகில் மூன்று பலகை இருந்தது. நடுப்பலகை காலியாகத்தான் போனது.

"ஐயா, மூடியில ஒரு திருகு..." என்று சித்தப்பா கத்தியது மோட்டார் சத்தத்திலும் கரையின் கைதட்டலிலும் அமுங்கிவிட்டது. படகு கண்மாயின் நடுவுக்குப் போய்ச் சேரவும் மோட்டார் நிற்கவும் சரியாக இருந்தது. மருமகன் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பெரிய வீட்டுக்காரர் எழுந்து நின்று கையை ஆட்டினார்.

"டேய்! என்னத்தடா ரிப்பேர் பாத்த? வாடா இங்க!"

சித்தப்பா சட்டையோடு பாய்ந்தார்.

"கழட்டிட்டாவது போயிருக்கலாம்ல" என்று அம்மா முணுமுணுத்தாள்.

அவர் நீந்துவது அத்தனை அழகாக இருந்தது. கை விழுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. போய்ப் படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்தார். மருமகன் இரண்டு கால்களையும் தூக்கிப் பலகைமேல் மடக்கி வைத்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம் போல என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா தண்ணீரில் தொங்கியபடியே மற்றொரு கையை எட்டித் திருகைத் தளர்த்தினார். என்னவோ சொன்னார். மருமகன் கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமிக் கிளம்பியது. படகு கிழித்த அலை சித்தப்பாவின் தலையை மூடியது. மூழ்கி எழுந்து, முகத்தை வழித்துவிட்டுக் கரையைப் பார்த்துத் திரும்ப நீந்தத் தொடங்கினார்.

பெண்ணின் அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் எங்களுக்காக வாங்கி வந்த பழப்பை. அவரை எப்படியாவது மயக்கிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"எங்க சித்தப்பா எம்புட்டுத் தூரம் நீந்துறாரு பாத்தீகளா தாத்தா?"

"பாத்தேன் தாயி." படகு போன பக்கம் தாடையைத் தூக்கிக் காட்டினார். "படகுல ஒரு பலகை சும்மாதானே கெடந்துச்சு?"

"ஆமா தாத்தா. ஆனா எங்க சித்தப்பாவுக்குத்தான் நீச்சல் தெரியுமே! அவருக்கு எதுக்குப் படகு?"

அவர் என் தலையில் கையை வைத்தார். கை கனமாக இருந்தது. பிறகு பழப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், பஸ் நிற்கும் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

டிரைவர் வேலையை மருமகனே வைத்துக்கொண்டார். மோட்டார் நின்றால் மட்டும் சித்தப்பாவுக்கு ஆள் வரும். திருமங்கலத்திலிருந்து அப்புறம் பேச்சே வரவில்லை. இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டவை. அன்று நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன். சித்தப்பா கரையேறி, சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

"சித்தப்பா, அந்தத் தாத்தாவுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு!"