தலைவரின் தாயாருக்கு அம்மா கட்டிய மாலை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி ஒரு சின்ன வாசகசாலை இருக்கிறது. நாடறிந்த ஒரு தலைவரின் தாயார் பெயரில் கட்டியது. தலைவர் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வந்தபோது தாயாரும் கூட வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்தாராம். மோர் கொடுத்தது தங்கள் வீடுதான் என்று சண்டை போட அந்த ஊரில் நாலு குடும்பங்கள் இருந்தன. மரம் இல்லை, மோர் கொடுத்தவரும் இல்லை. நினைவகம் மட்டும் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. அதைக் கட்டிய குழுவுக்கு நான்தான் செயலாளர்.

தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை எனக்கு. மனுப் போடுவது, கையெழுத்து வாங்குவது, யாரை எங்கே பார்ப்பது எல்லாம் அத்துப்படி என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். எனக்கும் அதில் ஒரு மிதப்பு. சனி, ஞாயிறு என்றால் செங்கல்பட்டு வீட்டில் கால் தங்காது.

"வூட்ல நானு ஒருத்தி கீறேன்னு நெனப்பு கீதா ஒனக்கு?" என்பாள் அம்மா. கோபமெல்லாம் இல்லை. சாப்பாடு போட்டுக்கொண்டேதான் கேட்பாள்.

வாசகசாலைக்கு முன்னால் மார்பளவுச் சிலை வைப்பதாக ஏற்பாடு. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பியிடம் கொடுத்தோம். தாயாரின் படம் என்று எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய பத்திரிகைத் துண்டுதான். முக்காடு தெரிந்தது, தோள் தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மசிதான் இருந்தது. சிற்பி அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல மூக்கே இல்லையே சார். அம்மன் முகம்னா அளவு இருக்கு, கண்ண மூடிக்கிட்டு அடிச்சிடுவேன். மனுஷ முகத்துக்கு மனுஷ முகம் வேணும்."

வேறு படம் தேடி ரெண்டு மாதம் ஓடியது. திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கிவிட்டோம், அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. சிற்பியே ஒரு வழி சொன்னார். "அந்த வயசுல ஒரு அம்மா படம் குடுங்க. முக்காடும் தோளும் இதைப் பார்த்துப் பண்ணிடறேன்."

மறுநாள் காலையில் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஸ்டூடியோவில் எடுத்த படத்தை உருவிக்கொண்டு போனேன். உருப்படியாக அவளுக்கு இருந்த படம் அது ஒன்றுதான்.

சின்ன வயதில் அம்மை போட்டு, அவள் இடது கன்னத்தில் தழும்புகள் உண்டு. புருவத்துக்கு மேல் ஒரு குழி. "தழும்பெல்லாம் வேண்டாம்" என்றேன் சிற்பியிடம். "தழும்புதான் சார் அடையாளம்" என்றார். அடையாளம் தெரியக் கூடாது என்பதுதானே என் கவலை. வழவழவென்று எடுத்துவிடச் சொன்னேன்.

திறப்பு விழாவில் ஒரு பேச்சாளர் சிலையைக் காட்டி, "தலைவரின் அந்த நெற்றியைப் பாருங்கள், அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?" என்று முழங்கினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளுக்குள் சிரிப்பு வந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

சிரிப்பு, சிலைக்கு மாலை போடுகிற வரைதான். உயிரோடு இருப்பவர்கள் படத்துக்கு எங்கள் பக்கம் மாலை போட மாட்டார்கள், விளக்கேற்ற மாட்டார்கள். போட்டால் ஆயுசுக்கு ஆகாது. செயலாளர் என்று மாலையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கீழே குத்துவிளக்கு எரிய, என் அம்மாவின் கழுத்தில் நானே மாலை போட்டேன். அவள் அந்த நேரம் செங்கல்பட்டில் எனக்காகக் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் விடவில்லை. "ஊரே பார்க்குது, பெத்தவளுக்குக் காட்ட மாட்டியா? என்னை ஒரு தபா இட்டுகினு போயேன் நைனா." அவள் என்னிடம் அதிகம் எதுவும் கேட்டவள் இல்லை. இதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ரோடு வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றேன். வாசகசாலை பூட்டிக் கிடக்கிறது என்றேன். ஒருமுறை வாய் தவறி, சிலைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றுகூடச் சொன்னேன்.

"கருங்கல்லுக்கு இன்னாடா பெயிண்ட்டு?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நிம்மதிப்பட்டேன். பெட்டியில் படம் இல்லாததைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் என் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொண்டேன்.

வருஷாவருஷம் தாயாரின் நினைவு நாளுக்கு மாலை நான்தான் கொண்டுபோவேன். சிலை வைத்த மறு வருஷம் வந்த முதல் நினைவு நாளுக்குக் கடையில் வாங்கினேன். அடுத்த வருஷம் அம்மா, "கடை மாலை எதுக்கு, நானே கட்டித் தரேன்" என்றாள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன், சரி என்றுவிட்டேன். விடியற்காலையில் தானே மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்து, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு நெருக்கமாகக் கட்டினாள். சம்பங்கிக்கு நடுநடுவே மருக்கொழுந்து.

"மருக்கொழுந்து எதுக்கும்மா? சிலைக்கு வாசனை தெரியப்போகுதா?"

"எனக்குப் புடிக்கும். அந்தம்மாவுக்குப் புடிக்காதா இன்னா?" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

அவளுக்கு மருக்கொழுந்து என்றால் உயிர். அப்பா போனதிலிருந்து தலையில் பூ வைத்ததில்லை. யாராவது வைத்துக்கொண்டு வந்தால் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாலை கனமாக இருக்கிறது, பஸ்ஸில் நசுங்குமே என்றுதான் கவலைப்பட்டேன்.

அப்படி ஐந்து மாலை கட்டினாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். ஸ்டூடியோ படம் எப்போதோ சிற்பியின் பட்டறையில் தண்ணீரிலும் கல்தூளிலும் ஊறிப் போயிருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினேன். வந்த உறவுக்காரர் ஒருவர், "யாரு இது, ஒங்க பெரியம்மாவா?" என்று கேட்டார்.

காரியம் முடிந்த வாரம் வாசகசாலைக்குப் போனேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் தாய்க்குச் சிலை வைக்கிறவன் தாய் என்ன ஆவாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்க்க எனக்கு அந்தக் கல்லை விட்டால் வேறு இடமில்லை. அதன் கீழே இன்னொருவர் பெயர் வெட்டியிருந்தது.

வாசகசாலையைப் பெருக்கித் துடைக்கும் பெண் பக்கெட்டோடு வந்தாள். என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "யாரு சார் போனது?" என்றாள்.

"அம்மா."

அவள் சிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அய்யோ, அந்தம்மாவா! அதான் ரெண்டு மூணு வாரமா காணோம்."

எந்த அம்மா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழமையில பஸ்ஸுல வந்துகினு இருக்கும் சார். செல வச்ச மறு வருசமே வந்துச்சு. மொத தபா ரொம்ப நேரம் அப்டியே பார்த்துகினு நின்னுச்சு. 'தழும்ப எடுத்துட்டான்'னு சொல்லிச்சு. அப்புறம் சிரிச்சிச்சு. எம்புள்ளதான் இங்க செயலாளரு, நான் வந்தத அவனாண்ட சொல்லிடாத, சங்கடப்படுவான்னு சொல்லிச்சு."

மறு வருஷமே என்றால் முதல் மாலை கட்டுவதற்கு முன்பு.

ஐந்து மாலையையும் தெரிந்தேதான் கட்டியிருக்கிறாள். ஆயுசுக்கு ஆகாது என்று தெரிந்து, தன் கழுத்துக்குத் தன் கையால், தனக்குப் பிடித்த மருக்கொழுந்தை வைத்து. கட்டி முடித்துத் தண்ணீர் தெளித்து, நசுங்காமல் கொண்டுபோகச் சொல்லி வாசல்வரை வந்து என் கையில் கொடுத்தாள். அந்த ஐந்து காலைகளில் ஏதாவது ஒன்றில் நான், "நீயும் வாம்மா" என்று சொல்லியிருக்கலாம். புடவைகூட மாற்றாமல் வந்திருப்பாள்.