திற்பரப்பு அருவியில தவமணி

பஸ் முழுக்க ஈரப் பாவாடை வாசம்... காலையில கன்னியாகுமரி கடல்ல நனைஞ்சதை ஜன்னல் கம்பியில கட்டிக் காயப் போட்டிருந்தோம். உதட்டை நக்குனா இன்னும் உப்பு கரிச்சுது.

எண்பதுகளோட ஆரம்பம். திருமானூர் பக்கத்துப் பொண்ணுங்க நாங்க, பத்தாவது. ஸ்கூல் டூர். கொள்ளிடத்தைத் தவிர வேற தண்ணி பாத்ததில்ல. காலையில கடல், மத்தியானம் அருவின்னா எப்படி இருக்கும் சொல்லுங்க!

பக்கத்து சீட்டுல தவமணி. அவங்க அப்பா கரும்பு வெட்டுறவரு. "வயசுப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பாதீங்க"ன்னு அம்மா அழுதப்போ, "நாமதான் ஒண்ணும் பாக்கல, அவளாவது பாக்கட்டும்"னு அனுப்பி வச்சவரு.

"கடல் எம்மாம் பெருசுன்னு அப்பாகிட்ட எப்படிடி சொல்றது?" வழி நெடுக இதே பேச்சு அவளுக்கு.

குலசேகரத்துல டீ குடிக்க பஸ் நின்னுச்சு. பத்திரமா இருக்கோம்னு ஸ்கூலுக்கு ட்ரங்க் கால் போட டீச்சர் போஸ்ட் ஆபீஸ் போனாங்க. கிளாஸ் லீடர்னு என்னையும் கூட்டிக்கிட்டாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு லைன் கிடைச்சுது. "ஹலோ... ஹலோ..."ன்னு கத்துனாங்க. அப்புறம் குரல் இறங்கிடுச்சு.

"எப்போ சார்?... சாயங்காலமே எடுத்துடுவாங்களா?"

போனை வச்சுட்டு என் கையைப் புடிச்சாங்க.

"தவமணி அப்பா போயிட்டாருடி. கரும்புக் கொல்லையில பாம்பு கடிச்சிருக்கு."



"எப்படி அடிச்சுப் புடிச்சுப் போனாலும் ராத்திரி ஆயிடும். முகத்தைப் பாக்க முடியாது. அருவியைப் பாத்துட்டுக் கிளம்பிடலாம். அது வரைக்குமாவது புள்ள சந்தோஷமா இருக்கட்டும். நீ மூச்சு விடாத."

சரின்னு தலையாட்டுனேன்.

திற்பரப்பு அருவி அப்படி ஒண்ணும் உயரமில்ல. அகலமா, பாறை முழுக்க நுரைச்சுக்கிட்டு இறங்கும். தவமணிதான் முதல்ல ஓடுனா. என்னையும் இழுத்து உள்ள விட்டா. தண்ணி முதுகுல அடிக்க அடிக்க அப்படி ஒரு சிரிப்பு.

"அப்பாவை ஒரு தடவ இங்க கூட்டியாரணும்டி!" காதுக்குள்ள கத்துனா.

நான் அழுதேன். அந்தத் தண்ணியில யாருக்குத் தெரியும்?

மதுரை தாண்டுனதும் டீச்சர் அவளைப் பக்கத்துல உக்கார வச்சு சொன்னாங்க. அவ உடனே அழல.

"எப்பத் தெரியும் டீச்சர்?"

டீச்சர் குனிஞ்சுக்கிட்டாங்க. அவ திரும்பி என்னைப் பாத்தா. என் மூஞ்சியே சொல்லிடுச்சு...

நாங்க போய்ச் சேந்தப்போ வூடு வாசலெல்லாம் கழுவி விட்டிருந்தாங்க.

அதுக்கப்புறம் அவ ஸ்கூலுக்கு வரல. அம்மாவோட கொல்லை வேலைக்குப் போயிட்டா. ஒரு நாள் வாய்க்கால் கரையில மறிச்சு நின்னேன்.

"அப்பவே சொல்லியிருந்தா, போன் போட்டு அப்பாவை வச்சிருக்கச் சொல்லியிருப்பேன்ல? ஒரு ராத்திரி வச்சிருக்க மாட்டாங்களா?"

அது டீச்சருக்கும் தோணல, எனக்கும் தோணல.

போன வருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்ட்ல பாத்தேன். முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. அவளாவே வந்து கையைப் புடிச்சுக்கிட்டா. புள்ளைங்க, பேரப் புள்ளைங்கன்னு பேசிட்டிருந்தோம். பஸ் வந்துடுச்சு. படியில கால வச்சவ திரும்பினா.

"அன்னிக்கு அருவியில நான் ரொம்ப சிரிச்சேனாடி?"

"ஆமாடி... ரொம்ப."

கம்பியைப் புடிச்சு ஏறிட்டா.

இப்பல்லாம் பேத்தி டூர் போனா நிமிஷத்துக்கு ஒரு போட்டோ வருது. நல்லதோ கெட்டதோ, அவங்கவங்க சேதி அவங்கவங்க கைக்கே வந்துடுது. நடுவுல யாரும் புடிச்சு வச்சுக்க முடியாது.

நான் மதுரை வரைக்கும் வச்சிருந்தேன்.