தானாக ஏறிய ஆயில்

எங்கள் பழைய டீசல் ஜீப் இன்று காலை ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி புதுசு.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "இன்ஜின் ஆயில் அளவு பாக்குற குச்சிய எடுத்துப் பாருங்கக்கா" என்றார்.

"கம்மியே ஆகலைங்க. போன வாரத்தைவிட ஜாஸ்தியாவே இருக்கு" என்றேன், பெருமையாக.

அவர் அவசரமாகச் சொன்னார்:

"ஆயில் எப்படிக்கா தானா ஏறும்? டீசல் அதுல இறங்குது. யாரும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சு ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னா சாவிய எடுத்தாலும் நிக்காது."

பதறித் திரும்பினேன். என் வீட்டுக்காரர் நாலு பேரைச் சேர்த்து ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டார். கைதட்டல் வேறு.

மெக்கானிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். சாவியை உருவிவிட்டேன், என் கையில்தான் இருக்கிறது. இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது.

காலையில் "ஸ்டார்ட் ஆகலையே" என்று புலம்பியவள் நான்தான். நிறுத்தத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?