தேர்வெழுதும் குப்பி

குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழல்விளக்குக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் இன்ஷிரா. எதிரே கேப்டன் ஷெஹாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். பீங்கான் தட்டில் குப்பியின் எண்ணெய் ஒரு சொட்டு. அதன்மேல் சோதனைத் திரவம் ஒரு சொட்டு. நிறம் மாறும்வரை கடையில் யாரும் பேசக் கூடாது. தொண்டை மாத்திரை வாங்க வந்த கிழவர்கூட இருமலை அடக்கிக்கொள்கிறார்.

அலெக்சாந்திரியாவில், பாகோஸ் டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது இன்ஷிராவின் மருந்துக்கடை. அதன் நிலவறையில் உடற்பயிற்சிக் கூடம். அங்கே எடை தூக்கும் எல்லோரும் ஊர் வழக்கில் கேப்டன்கள். கப்பல் மட்டும் யாரிடமும் இல்லை. தசை வளர்க்கும் ஊசியைப் போடாதீர்கள் என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தார். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு தெருவில் ஊசி வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவரே புது ஊசி கொடுக்கிறார், போட்ட ஊசிகளைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவரச் சொல்லித் திரும்ப வாங்குகிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார். சாதாரணப் பட்டை எந்தப் புஜத்தையும் சுற்றி வராததால், தொடைக்குக் கட்டும் பட்டையை வரவழைத்து வைத்திருக்கிறார்.

"போடுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. என்னத்தைப் போடுறோம்னாவது தெரிஞ்சு போடுங்க. நிறம் வந்தா லேபிள்ல இருக்குற பேரு நெசம்னு அர்த்தம், அவ்வளவுதான். சுத்தம்னு நான் சொல்லல."

கடைசி வாக்கியம் எந்தக் கேப்டனின் காதிலும் விழுந்ததில்லை.

அவர்களுக்கு ஊசியிடம் பயமில்லை, இரும்பிடம் பயமில்லை. சோதனையில் தேறாமல் போவதென்றால்தான் குலை நடுங்கும். போன குளிர்காலத்தில் எல்லோரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இந்த மருந்து ரத்தத்தைத் தடிக்க வைக்கும். ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் ரத்தசோகை என்று முடிவு வந்தது. குழம்பிப்போய் நிலவறைக்கு இறங்கினார். அங்கே தேநீர் போடும் பகீத், ஊதினால் பறந்துவிடுகிற ஆள், சுவரில் சாய்ந்து கிடந்தார். கேப்டன்கள் முறைவைத்து அவருக்கு ஈரல் சாண்ட்விச் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் பதிலா இவர்தான் ரத்தம் குடுத்தாரு, டாக்டரம்மா. தங்கமான மனுஷன்."

இம்முறை குப்பி. முதலில் பெரும்பாலானவை தேறவில்லை; பிறகு வருகிற குப்பியெல்லாம் தேறியது. ஆனால் எல்லாவற்றிலும் லேபிளின் அதே மூலை கிழிந்திருந்தது. ஆள் மாற மாற உள்ளே எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. போன தடவை வந்த குப்பியின் அடியில் இன்ஷிரா நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினார். அந்தப் புள்ளிதான் இன்று ஷெஹாத்தாவுடன் திரும்பி வந்திருக்கிறது.

"இது யாருது, கேப்டன்?"

"என்னுதுதான். எங்கம்மா மேல சத்தியமா."

"அவங்களை ஏன் இழுக்குறீங்க? இப்பதான் சர்க்கரை மாத்திரை வாங்கிட்டுப் போனாங்க, நல்லா இருக்கட்டும்."

ஷெஹாத்தா தரையைப் பார்த்தார். நிலவறைப் படியில் காத்திருந்த இன்னொரு மலை, ருஷ்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"குப்பி என்னுது டாக்டரம்மா. கூடத்துலயே தேறினது இது ஒண்ணுதான். அதான் எல்லாருக்கும் குடுத்தனுப்புறேன்."

"நீங்க இதைத்தான் போட்டுக்குறீங்களா?"

"போட்டா தீந்துடுமே. அப்புறம் உங்ககிட்ட எதைக் காட்டுறது?"

"அப்போ தேறாததைத்தான் எல்லாரும் ஏத்திக்கிறீங்க."

"உங்க மனசு நோகக் கூடாதுல்ல."

இன்ஷிராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஷெஹாத்தாவைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. உடம்பு முழுவதையும் இடது காலில் தாங்கிக்கொண்டு நின்றார். நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. ஊசி போட்ட இடம் பழுத்து இப்படி நின்ற ஒருவருக்குச் சீழ் எடுக்கப் பிட்டத்தில் பாதியை அறுத்ததை இன்ஷிரா அறிவார். அவருக்குப் பயமாக இருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். உள்ள என்ன போயிருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். நீங்க நெசமா போட்டுக்கிட்ட குப்பி எங்கே?"

"வெள்ளிக்கிழமை போட்டி டாக்டரம்மா. உங்ககிட்ட குடுத்தா தேறலன்னுடுவீங்க. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்," என்றார் ஷெஹாத்தா.

இன்ஷிரா நல்ல குப்பியின் மூடியைக் கத்தரிக்கோலால் நெம்பி எடுத்தார், மிச்ச எண்ணெயைக் கை கழுவும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். ருஷ்தி சுவரைப் பிடித்துக்கொண்டார். தொண்டை மாத்திரைக் கிழவர், யார் இறந்தது என்று தெரியாமலே, தொப்பியைக் கழற்றினார்.

"இனிமே கூடத்துல தேறின குப்பியே கிடையாது. எல்லாருமே தேறாதவங்கதான்," என்றார் இன்ஷிரா.

ஷெஹாத்தா ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, வலது காலுறைக்குள்ளிருந்து ஒரு கலங்கிய குப்பியை எடுத்தார். லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேசைமீது வைத்தார்.